எட்டு வாரமும் ஆறு போகமும்

நாளிதழ்களின் நெல்லை, தென்காசிப் பக்கங்களில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் படம் ஒன்று உண்டு. தென்னை மரத்தடியில் ஏழெட்டு மாணவிகள், நடுவே வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு விவசாயி, யாரோ ஒருவர் கையில் விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி. கிராமத் தங்கல் திட்டத்தில் வந்த வேளாண் கல்லூரி மாணவிகள் சுருள் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தும் முறையைச் செய்து காட்டினார்கள் என்று கீழே நான்கு வரி இருக்கும். மறுநாள் வேறோர் ஊர், வேறொரு குழு, விதை நேர்த்தி. இந்தப் படங்களைக் கேலி செய்கிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய அந்த ஈ தெற்கே பரவியபோது, மருந்தடிக்காதீர்கள், மருந்து ஈயைத் தின்னும் பூச்சியையும் சேர்த்துக் கொல்லும், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னவர்களில் இந்தப் பிள்ளைகளும் உண்டு. பூச்சிமருந்துக் கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார்.

ஆனாலும் கேள்வி மிச்சமிருக்கிறது. மாணவர் ஒருவர் முன்னின்று ஒரு சிறு விவசாயியின் வரும்படியை உயர்த்த முடியுமா? முடியும் என்றால், எந்த இடத்தில் கை வைத்தால் முடியும்? நம் ஊரில் மாணவர் தலைவர் என்றதும் தேர்தல், போஸ்டர், கல்லூரி வாசல் முழக்கம் என்றே நினைவு போகிறது. வயல் நினைவுக்கு வருவதில்லை. இத்தனைக்கும் வயலை நோக்கி மாணவர்கள் போன வரலாறு இந்தத் தென்கோடியில் எண்பது ஆண்டுக்குக் குறையாதது. அதன் பலன் எங்கே தங்கியது, எங்கே தங்கவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் நிலம். தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமானது. செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று குற்றாலத்தில் சாரலாகி, சிற்றாறாக இறங்கி, தாமிரபரணியில் சேர்கிறது. மலையடிவாரத்தில் கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று ஐந்து அணைகள். பெரிய அணை என்று எதையும் சொல்ல முடியாது. 36 அடிக் குண்டாறு நல்ல ஆனிச் சாரலிலேயே நிரம்பி வழிந்துவிடும். அந்தத் தண்ணீர் கால்வாய் வழியே குளத்துக்குப் போய், குளத்து மடையிலிருந்து வயலுக்குப் போகிறது. அதை நம்பிக் கார், பிசானம் என்று இரண்டு நெல் போகம். கிழக்கே சங்கரன்கோவில், குருவிகுளம், திருவேங்கடம் என்று போனால் மண் கறுக்கிறது. மக்காச்சோளம், உளுந்து, பருத்தி, எல்லாம் வானம் பார்த்தது. வடக்கே புளியங்குடியில் எலுமிச்சை. நடுவே பாவூர்சத்திரம், ஆலங்குளம், சுரண்டை வட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்தில் தக்காளி, சின்ன வெங்காயம், வெண்டை, கத்தரி. ஒரு மாவட்டத்துக்குள் நான்கு விதமான வேளாண்மை இருக்கிறது. நான்குக்கும் நான்கு விதமான கவலை.

பொதுவான கவலை நிலத்தின் அளவு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு மேல் சிறு, குறு விவசாயிகள். 2018-19இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வு இன்னொரு கதவைத் திறக்கிறது: இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியாக வந்தது 4,063, பயிரில் கிடைத்தது 3,798, கால்நடையில் 1,582. தமிழ்நாட்டுச் சராசரி 11,924 என்று சற்று மேலே நிற்கிறது. விவசாயி என்று நாம் அழைக்கும் குடும்பம், வருமானக் கணக்கில் பார்த்தால் முதலில் கூலிக் குடும்பம், பிறகுதான் பயிர்க் குடும்பம். இதை மனத்தில் வைக்காமல் எடுக்கும் எந்த முயற்சியும் பாதிக் குடும்பத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்ததாகிவிடும்.

படிப்பை விட்டு வந்தவர்கள்

மாணவர்கள் வயலுக்கு வந்த பாதைகளில் மூத்தது அரசியல் பாதை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த இரா. நல்லகண்ணு திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்தவர். நாங்குநேரிப் பகுதியில் மடத்து நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்களிடையே வேலை செய்தார். 1949 கடைசியில் பிடிபட்டு ஏறத்தாழ ஏழாண்டு சிறையில் இருந்தார். இதே காலத்தில் தஞ்சை விவசாயிகளிடையே பி. சீனிவாச ராவ் செய்த இதே வேலை இன்னும் பரவலாகத் தெரியும். அவரும் படிப்பை உதறிவிட்டு வந்தவரே. இவர்கள் யாரும் விவசாயிக்கு விதை நேர்த்தி சொல்லித்தரவில்லை. விளைச்சலில் வாரம் எவ்வளவு, அளப்பது யார் மரக்கால், களத்திலிருந்து நெல்லை எடுக்க யாருக்கு உரிமை என்று கேட்டார்கள். 1955இல் வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னால் இந்தக் கேள்விகள் இருக்கின்றன. தாமிரபரணி மணல் கொள்ளைக்கு எதிராக 2010இல் நல்லகண்ணு மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போனபோது அவருக்கு எண்பத்தைந்து வயதை ஒட்டிய பருவம். கேள்வி அப்போதும் பழைய கேள்விதான்: ஆறு யாருடையது?

அடுத்தது அறிவியல் பாதை. இதில் நம் வட்டாரத்துக்கு மிக நெருக்கமான பெயர் கோ. நம்மாழ்வார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, 1963இல் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு ரசாயன உரம் என்று பரிசோதனைத் திடல்களில் அளந்து பார்ப்பது அங்கே வேலை. வேலிக்கு வெளியே இருந்ததோ மானாவாரிக் கரிசல்காட்டு விவசாயி. அவரிடம் அந்த உரத்தை வாங்கக் காசுமில்லை, கரைக்க மழையுமில்லை. ஆராய்ச்சி விவசாயிக்கு உதவவில்லை என்று கண்டு 1969இல் வேலையை விட்டார். அதற்கடுத்த பத்தாண்டு அவர் இருந்த இடம் களக்காடு. நோபல் அமைதிப் பரிசு பெற்ற பெல்ஜியப் பாதிரியார் டொமினிக் பியர் தொடங்கிய ‘அமைதித் தீவு’ அமைப்பின் திட்டத்தில் பணி. நம்மாழ்வார் என்றதும் எல்லோரும் கரூர் வானகத்தை நினைக்கிறார்கள். அவர் நம்மாழ்வார் ஆனது கோவில்பட்டிக்கும் களக்காட்டுக்கும் நடுவில் என்பது என் எண்ணம். வெளியிலிருந்து வாங்கும் இடுபொருளைக் குறைத்தால் ஒழிய விவசாயி கடனிலிருந்து எழமுடியாது என்ற அவருடைய முடிவு, பஞ்சகவ்யத்துக்கு முன்பே, ஒரு செலவுக் கணக்கிலிருந்து பிறந்தது. இயற்கை வேளாண்மையை ஆன்மிகமாகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

எம்.எஸ். சுவாமிநாதனையும் இங்கே சேர்க்கலாம். திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்த மாணவர், 1943 வங்கப் பஞ்சச் செய்திகளைப் படித்துவிட்டுக் கோவை வேளாண் கல்லூரிக்கு மாறினார். நம்மாழ்வாரும் அவரும் எதிரெதிர்த் திசையில் நடந்தவர்கள். ஆனால் இருவருமே கடைசியில் வந்து நின்ற இடம் விவசாயியின் வரவு செலவு. 2004 முதல் 2006 வரை இயங்கிய சுவாமிநாதன் ஆணையத்தின் அறிக்கையில் இன்றும் தெருவில் முழங்கப்படுவது விளைச்சல் பற்றிய பகுதி அல்ல, செலவுக்கு மேல் பாதி சேர்த்து விலை வேண்டும் என்ற பகுதி.

மூன்றாவது, அரசு போட்ட பாதை. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. காந்திகிராமத்தில் அதற்கு முன்பே மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிக்கும் வழக்கம் இருந்தது. நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஏழு நாள் முகாமில் ஒரு குளத்துக் கரையின் முள்ளை வெட்டலாம், கோயில் சுவருக்கு வெள்ளையடிக்கலாம். ஒரு குடும்பத்தின் வருமானத்தை அசைக்க ஏழு நாள் போதாது.

எட்டு வாரத்தின் கதை

வேளாண் மாணவரின் கிராமத் தங்கல் அதைவிட ஆழமானது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாவது முதல்வர்கள் குழு வகுத்த பாடத்திட்டத்தில் இதற்கு இருபது வாரம். 2015 ஜூலையில் பாட்னாவில் பிரதமர் தொடங்கிவைத்த ‘ஸ்டூடண்ட் ரெடி’ திட்டத்தின் ஓர் அங்கம் இது. அந்த இருபது வாரத்தைப் பிரித்துப் பார்த்தால்: அறிமுகம் ஒன்று, கிராமம் எட்டு, ஆராய்ச்சி நிலையமோ வேளாண் அறிவியல் நிலையமோ ஐந்து, பயிர் மருத்துவம் இரண்டு, தொழிற்கூடம் மூன்று, அறிக்கை எழுத ஒன்று. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலிருந்தும், வாசுதேவநல்லூரிலுள்ள தனியார் வேளாண் கல்லூரி போன்றவற்றிலிருந்தும் வருகிற பிள்ளைகள் ஊர் வரைபடத்தை மண்ணில் கோலமாகப் போட்டு, மடை எங்கே, மேய்ச்சல் எங்கே, வசதியுள்ள வீடு எது, இல்லாத வீடு எது என்று ஊராரையே சொல்லவைத்துக் குறிக்கிறார்கள். நல்ல பயிற்சி. ஊரைப் பற்றி ஊருக்குத் தெரியாத சில சங்கதிகள்கூட அதில் வெளிவரும்.

கோளாறு எட்டில் இருக்கிறது. நம் பக்கத்துக் கார் வயலில் இன்னும் செல்வாக்குள்ள ரகம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட அம்பை 16. குறுகிய காலப் பயிர், 110 நாள் சொச்சம். எட்டு வாரம் என்பது 56 நாள். அம்பை 16இன் ஆயுளில் ஏறத்தாழப் பாதிதான். நாற்றங்காலைப் பார்த்த மாணவர் அறுவடையைப் பார்ப்பதில்லை. அறுவடையைப் பார்த்தவர் கொள்முதல் நிலையத்தில் மூடை காத்துக்கிடப்பதைப் பார்ப்பதில்லை. தென்னையும் எலுமிச்சையும் ஆண்டுக்கணக்கில் பேசும் பயிர்கள், அவற்றை விட்டுவிடுவோம். விளைவு என்னவென்றால், மாணவருக்குப் பயிரின் ஒரு துண்டு கிடைக்கிறது, விவசாயிக்கு அறிவுரையின் ஒரு துண்டு கிடைக்கிறது. அந்த அறிவுரை பலித்ததா என்று இருவருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு வேறு குழு அதே ஊருக்கு வந்து அதே விதை நேர்த்தியைக் காட்டும். முந்தைய குழு விட்டுச் சென்ற நோட்டு கல்லூரி அலமாரியில் இருக்கும், ஊரில் இருக்காது.

இதற்கு மாணவரைக் குறை சொல்வதற்கில்லை. மதிப்பெண் போடப்படுவது செயல்விளக்கத்துக்கும் பதிவேட்டுக்கும். அந்தப் போகத்தில் அந்தக் குடும்பத்தின் கையில் எவ்வளவு மிஞ்சியது என்பதற்கு மதிப்பெண் கிடையாது. எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தானே எந்த மாணவரும் செய்வார்?

வயலுக்கு வெளியே

தக்காளிக் கூடை பாவூர்சத்திரம் சந்தைக்கு வந்து சேர்ந்த பிறகு நடப்பவற்றை ஒரு கணக்காக வைத்துப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்குத்தான்: ஒரு டன் தக்காளி, கிலோ பத்து ரூபாய்க்கு ஏலம் போனது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வரவேண்டியது பத்தாயிரம். நூற்றுக்குப் பத்து கமிஷன் என்றால் ஆயிரம் போயிற்று. பறிகூலி, வண்டி வாடகை, இறக்குகூலி எல்லாம் சேர்ந்து மூவாயிரம் என்றால் மிச்சம் ஆறாயிரம். இதில்தான் நாற்று, உரம், மருந்து, களையெடுப்பு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் அடங்கவேண்டும். இப்போது ஒரு மாணவர் வந்து மகசூலை நூற்றுக்குப் பத்து கூட்டித்தருகிறார். அதே விலை நின்றால் கூடுதலாகக் கிடைப்பது, அதற்குரிய கமிஷனும் கூலியும் போக, அறுநூறு ரூபாய். விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடினால், மகசூல் ஒரு கிலோகூடக் கூடாமல் ஆயிரத்து எண்ணூறு. தக்காளி, சின்ன வெங்காயம், எலுமிச்சை மூன்றிலுமே ஒரே ஆண்டுக்குள் விலை இரண்டு ரூபாய் அல்ல, பல மடங்கு ஏறி இறங்குகிறது. மழைக்காலத்தில் வாங்க ஆளில்லாமல் கிடக்கும் புளியங்குடி எலுமிச்சை சித்திரையில் பொன்விலை விற்கும். அப்போது மரத்தில் காய் இருக்காது.

மாணவர் பாடத்திட்டம் முதல் கணக்கைச் சொல்லித்தருகிறது. விவசாயியின் வாழ்வு இரண்டாம் கணக்கில் தீர்மானமாகிறது. இந்தக் கட்டுரையில் என் வழக்கு இவ்வளவே. மற்றதெல்லாம் அதற்கான சாட்சியம்.

கமிஷன் கடைக்காரரை வில்லனாக்கிவிட்டுப் போவதும் சரியில்லை. விதைக்க முன்பணம் தருபவர் அவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவில் கதவைத் தட்டக்கூடிய இடம் அவர் வீடு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் உரிய காலத்தில் கட்டினால் வட்டியில்லாப் பயிர்க்கடன் உண்டு. ஆனால் அதற்குச் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும், பட்டா தன் பெயரில் இருக்கவேண்டும். தாத்தா பெயரில் நிற்கும் கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு ஐந்து பங்காளிகள் உழுகிறார்கள். கோயில் நிலத்தையோ பண்ணை நிலத்தையோ வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அந்தக் காகிதமும் இல்லை. 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. பதிந்துகொண்டவர் சிலர், பதியாதவர் பலர். ஆண்டுக்கு ஆறாயிரம் தரும் பிரதமரின் உதவித்தொகைக்கும் நிலம் பெயரில் இருக்கவேண்டும். ஆகவே சந்தையில் விலை பேச முடியாததன் வேர் சந்தையில் இல்லை, தாலுகா ஆபீசில் இருக்கிறது. கடன்பட்டவர் கடன் கொடுத்தவரிடம்தான் சரக்கைப் போடவேண்டும்.

கேரளம் இன்னொரு பக்கம். புளியரைச் சோதனைச்சாவடி தாண்டிப் போகும் காய்கறி லாரிதான் பாவூர்சத்திரத்தின் விலையை முடிவு செய்கிறது. ஓணம் வந்தால் ஏறும், ஓணம் போனால் விழும். 2015இல் தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று கேரளம் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது இங்கே கோபப்பட்டார்கள். நியாயமான கோபம் பாதி. மறு பாதியில் நம்மவர் மருந்துக் கடைக்காரர் சொன்ன அளவை அப்படியே அடித்த கதை இருக்கிறது. மாணவரின் மஞ்சள் ஒட்டுப்பொறிக்கு உண்மையான மதிப்பு இங்கேதான். எச்சம் இல்லாத சரக்கு என்று காட்ட முடிந்தால் அது விலைப்பேச்சில் ஒரு துருப்பு. 2021 கடைசியில் மழையால் விலை எகிறியபோது கேரள அரசின் ஹார்ட்டிகார்ப் நிறுவனம் தென்காசியின் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களோடு நேரடிக் கொள்முதலுக்கு ஒப்பந்தம் போட்டது. அந்த ஒப்பந்தத்தின் பலாபலன் எதுவானாலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கையெழுத்துப் போட்ட தரப்பு ஒரு நிறுவனம். இரண்டு ஏக்கர்க்காரர் தனியாகப் போய் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க முடியாது.

வெளியூரில் நடந்த இரண்டு

மாணவரால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு உலகத்தில் கிடைக்கும் பதில்களில் இரண்டு நமக்கு உதவும். 1974 பஞ்சத்துக்குப் பிறகு சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஜோப்ரா கிராமத்துக்குப் போனார். முதலில் அவர்கள் செய்தது வேளாண்மை. ஆழ்குழாய்க் கிணறு இருந்தும் வறண்ட பருவத்தில் தரிசாகக் கிடந்த நிலத்தில், நிலக்காரர், உழுபவர், முதல் போடுபவர் மூவரும் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் ‘தெபாகா’ பண்ணையம். நெல் நன்றாக விளைந்தது, அரசு பரிசும் கொடுத்தது. சில விவசாயிகள் பங்கை முழுதாகத் தராததால் நஷ்டம் யூனுஸின் தலையில் விழுந்தது. அதைவிட முக்கியமானது, நிலமில்லாத பெண்களுக்கு அந்த விளைச்சலில் கூலி தவிர ஒன்றுமில்லை என்று கண்டது. பிறகு யூனுஸும் ஒரு மாணவியும் சேர்ந்து, வட்டிக்காரரிடம் யார் எவ்வளவு கடன் என்று பட்டியல் எடுத்தார்கள். 42 பேர், எல்லோருக்கும் சேர்த்து 27 டாலர். கிராமீன் வங்கியின் பிற்காலப் பெருமை சிறுமை பற்றிப் பல சண்டைகள் உண்டு, இங்கே வேண்டாம். ஒரு கிராமத்தை மாற்றிய மாணவர் வேலை நாற்று நடுவது அல்ல, ஒரு கடன் பட்டியல் எடுத்தது.

மற்றது கென்யா. அமெரிக்காவில் மேலாண்மை படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ யூன் மேற்குக் கென்யாவின் மக்காச்சோள விவசாயிகளைச் சந்தித்துவிட்டு, 2006இல் புங்கோமாவில் நாற்பதுக்கும் குறைவான குடும்பங்களோடு ‘ஒன் ஏக்கர் ஃபண்ட்’ தொடங்கினார். விதையும் உரமும் கடனாக, விதைப்புக்கு முன்பே ஊர் அருகில் இறக்கித் தரப்படும், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டலாம், கூடவே பயிற்சி. இன்று ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் இருக்கின்றன. அவர் வேளாண்மை படித்தவரில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விதை தெரிந்த ஊரில் விதை நேரத்துக்கு வந்து சேராததுதான் சிக்கல் என்று கண்டுபிடிக்க வணிகம் படித்த கண் தேவைப்பட்டது. ஆனால் கென்யாவை இங்கே அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முடியாது. நம் ஊரில் உரக்கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது, கூட்டுறவு சங்கம் ஒவ்வொரு பிர்க்காவிலும் இருக்கிறது. நமக்கு இல்லாதது வேறு.

யார் பிள்ளை?

இல்லாதது என்னவென்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2017-18இல் வந்த கூட்டுப் பண்ணையத் திட்டம் இருபது பேரை ஓர் ஆர்வலர் குழுவாகவும், அப்படி ஐந்து குழுக்களை நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுவாகவும் கட்டி, குழுவுக்கு ஐந்து லட்சம் கொடுத்தது. நல்ல எண்ணம், ஆனால் பல ஊர்களில் அந்தப் பணம் பவர் டில்லராகவும் ரோட்டவேட்டராகவும் மாறி ஒருவர் வீட்டுக் கொட்டகையில் நின்றது. 2020இல் பத்தாயிரம் நிறுவனங்கள் அமைக்கும் மத்தியத் திட்டம் வந்தது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர், மூன்றாண்டு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை, உறுப்பினருக்கு 2,000 வீதம் 15 லட்சம் வரை பங்குத்தொகை மானியம். மூன்றாண்டு கழித்து மானியம் நிற்கும். கம்பெனிச் சட்டமோ நிற்காது. ஆண்டுப் பொதுக்கூட்டம், தணிக்கை, ஜி.எஸ்.டி., வருமானவரிப் படிவம் எல்லாம் உண்டு. தலைமைச் செயல் அலுவலர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத நிறுவனத்தில் இவற்றை யார் செய்வது? பல நிறுவனங்கள் சாவது பூச்சியால் அல்ல, படிவத்தால்.

வேலையில்லாத வேளாண் பட்டதாரியை இந்த இடத்தில் உட்காரவைக்க அரசு முயலாமல் இல்லை. 2002இல் தொடங்கிய வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டமும், 2025-26 தமிழ்நாடு வேளாண் நிதிநிலை அறிக்கையில் வந்த முதல்வரின் உழவர் நல சேவை மையங்களும் அந்த நோக்கம் கொண்டவைதான். ஆனால் அவை பட்டதாரியைக் கடைக்காரராக்குகின்றன. இடுபொருள் விற்றால்தான் மையம் நிற்கும் என்றால், மருந்தைக் குறை என்று அவர் எப்படிச் சொல்வார்?

எனக்குத் தோன்றுவது வேறொரு மாணவர். குற்றாலத்தில் 1964 முதல் இயங்கும் பராசக்தி மகளிர் கல்லூரிக்கோ, தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்துக் கலைக் கல்லூரிகளுக்கோ காலை டவுன் பஸ்ஸில் வருகிற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வணிகவியலோ பொருளியலோ படிக்கிறார். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர், அம்மா அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் வேலைக்குப் போகிறார். இவர் கிராமத்தில் தங்கப் பயிற்சித் திட்டம் வேண்டியதில்லை, வீடே அங்கேதான். ஊரில் யார் பட்டா யார் பெயரில் என்று தெரியும். எந்தக் கமிஷன் கடையில் எந்தக் குடும்பம் கட்டுண்டு கிடக்கிறது என்பதும் தெரியும். இரட்டைப் பதிவுக் கணக்கு எழுதப் படித்தவர். ஆனால் அவருடைய படிப்பும் அவருடைய ஊரும் எங்குமே சந்தித்துக்கொள்வதில்லை. பாடப்புத்தகத்தில் வரும் கம்பெனி எப்போதும் எங்கோ இருக்கிற கம்பெனி. மூன்று தெரு தள்ளி முந்நூறு பங்குதாரர்களோடு ஒரு கம்பெனி தணிக்கை முடியாமல் கிடப்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. மத்தளம்பாறையில் ஜோஹோ 2011இல் அலுவலகம் திறந்தபோது ஊர்ப்பிள்ளைகளால் ஊரிலிருந்தே உலகத்துக்கு வேலை செய்ய முடியும் என்று காட்டியது. ஊரிலிருந்தே ஊருக்கு வேலை செய்வது அதைவிடக் கடினமானதா என்ன?

அப்படி ஒருவர் முன்னின்றால் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. தெருவிலுள்ள கூட்டுப் பட்டாக்களைப் பட்டியலிட்டு, வாரிசுச் சான்றிலிருந்து உட்பிரிவு வரை மனுக்களை எழுதிக் கொடுப்பது. விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணுக்குப் பதியாதவர்களைப் பதியவைப்பது. பாவூர்சத்திரம், புளியங்குடி, தென்காசி உழவர் சந்தை விலைகளை நாளும் ஒரு வாட்ஸப் குழுவில் போடுவது. மலையடிவாரத்தில் யானையும் பன்றியும் அழித்த வயலுக்கு இழப்பீட்டு மனுவைப் படத்தோடும் சர்வே எண்ணோடும் அன்றே கொடுப்பது. காட்டை ஒட்டிய வடகரை, மேக்கரைப் பக்கத்தில் இது ஒன்றே பெரிய உபகாரம். காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு சொன்னது. அதற்கும் யாராவது மனு எழுதத்தான் வேண்டும்.

குற்றாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்கிந்தியக் கம்பெனி சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்த மலையடிவாரம் அது. இன்று சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் சாலையோரம் குவிகின்றன. ஆனி முதல் ஆவணி வரை லட்சக்கணக்கான பேர் பணப்பையோடு வந்து இறங்குகிறார்கள். பல மாவட்டத்து விவசாயிகளுக்கு வாங்குபவர் இப்படி வாசலுக்கு வருவதில்லை. அவர்கள் அல்வாவும் சிப்ஸும் வாங்கிப் போகிறார்கள். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திக் காட்டில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்; செடி மிதிபட்டதற்கு விவசாயி புலம்புகிறார். அந்த எண்ணெயை அரை லிட்டர் பாட்டிலில் அடைத்து அங்கேயே விற்றால் என்ன, சாரல் விழாவில் புளியங்குடி எலுமிச்சை ஊறுகாய்க்கும் அம்பை 16 அவலுக்கும் மாணவர்கள் நடத்தும் ஒரு கடை போட்டால் என்ன என்று கேட்பதற்கு வேளாண் பட்டம் தேவையில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுக்கவும், லேபிளில் என்ன எழுதவேண்டும் என்று பார்க்கவும், நாள் முடிவில் கல்லாவை எண்ணி முப்பது குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் ஆள் தேவை. பிரித்துக் கொடுப்பதில்தான் இத்தகைய முயற்சிகள் உடையும். உள்ளூர் ஆள் என்பதால் சாதியும் சொந்தமும் கணக்குக்குள் நுழையும். வெளியூர் மாணவருக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆகவே கணக்கு எழுதுவது ஊர்ப்பெண், சரிபார்ப்பது வேறு ஊர்ப்பெண் என்று இரண்டு கல்லூரிகள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

வேளாண் கல்லூரியையும் இதில் தள்ளிவைக்க வேண்டியதில்லை. ஊர்மேலழகியானிலுள்ள வேளாண் அறிவியல் நிலையமும் கிள்ளிகுளத்து மாணவர்களும் வயலைப் பார்த்துக்கொள்ளட்டும். கலைக் கல்லூரி மாணவி களத்துமேட்டிலிருந்து தொடங்கட்டும். கல்லூரி திறப்பதும் ஆனியில், கார் நாற்றங்கால் போடுவதும் ஆனியை ஒட்டி. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்பது மூன்று கார், மூன்று பிசானம். சேர்ந்த ஆண்டிலிருந்து பத்துக் குடும்பத்தின் வரவு செலவை, கூலி வருமானமும் ஆட்டுக்குட்டி விற்றதும் சேர்த்து, ஒரு மாணவி எழுதிவந்தால் பட்டம் வாங்கும்போது அறுபது போகக் கணக்கு கையில் இருக்கும். கல்லூரி அதற்கு மதிப்பெண் தரவேண்டும், செயல்விளக்கத்துக்குத் தருவதுபோல. நோட்டின் ஒரு படி அந்தந்த வீட்டிலேயே இருக்கவேண்டும், கல்லூரி அலமாரியில் மட்டும் அல்ல. அடுத்த முறை வங்கியில் மேலாளர் அடங்கலைக் கேட்கும்போது, அதோடு சேர்த்து மேசைமேல் வைக்க அவர்களிடம் ஆறு போகத்தின் கணக்கும் இருக்கும்.